இடம் கிடைத்தது, மொழி கிடைத்ததா? ஜொகூரில் சிறப்புக் கல்வியின் வரலாறு, 1948 முதல்

ஜொகூர் பாருவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பிரின்சஸ் எலிசபெத் பள்ளி 1948இல் தொடங்கப்பட்டது. மலாயாவில் சமூக நல இலாகா உருவாகி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன் இத்தகைய பிள்ளைகளைப் பொறுப்பேற்றவை தேவாலயங்கள். 1926இல் மலாக்காவில் ஆங்கிலிக்கன் திருச்சபை தொடங்கி, பிறகு பினாங்குக்கு மாறிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் அவற்றுள் முதன்மையானது. தருமமாக இருந்த ஒன்றை அரசின் கடமையாக மாற்றும் முயற்சி ஜொகூரில் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது. அதன் பிறகு வந்த எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் ‘இந்தப் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?’ என்ற கேள்விக்கு அரசு பலமுறை விடை தந்திருக்கிறது. ‘இந்தப் பிள்ளை யாரோடு, எந்த மொழியில் பேசும்?’ என்ற கேள்வி மட்டும் பின்தங்கியே வந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் விஷயத்தில் அது இன்னும் தீரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பார்வையற்றோர் கல்வியில் மொழி என்றால் பிரெயில். இந்திய மொழிகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளி எழுத்துமுறைகளோடு திண்டாடிய காலத்தில், யுனெஸ்கோவின் முயற்சியால் 1951இல் பாரதி பிரெயில் என்ற பொதுமுறை ஏற்கப்பட்டது. அம்முயற்சியில் யுனெஸ்கோவின் ஆலோசகராக இருந்தவர் கிளூத்தா மெக்கன்சி. முதல் உலகப் போரில் கலிப்போலிக் களத்தில் கண்களை இழந்த நியூசிலாந்துக்காரர் அவர். தமிழுக்கு இந்த முறை எவ்வளவு இசைவானது என்பதை ‘கொ’ என்ற ஓர் எழுத்தைக் கொண்டே காட்டலாம். அச்சில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், நடுவில் ககரம். பிரெயிலில் இந்தச் சுற்றல் கிடையாது: முதல் கட்டத்தில் ஒன்று, மூன்று ஆகிய இரு புள்ளிகள் ‘க’, அடுத்த கட்டத்தில் ஒகரத்துக்குரிய நான்கு புள்ளிகள். காதில் விழும் வரிசையிலேயே விரலிலும் விழுகிறது. எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிட வசதி வேண்டுமா?

ஆக, ஜொகூர்ப் பள்ளிக்கு மூன்று வயதாகும்போதே தமிழைத் தொட்டுப் படிக்கும் வழி பிறந்துவிட்டது. ஆனால் வழி இருப்பது வேறு, பாடத்திட்டத்தில் இடம் இருப்பது வேறு. அப்பள்ளி இன்று சிறப்புக் கல்வித் தேசியப் பள்ளி. பயிற்று மொழி மலாய். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை அங்கே எழுத்தறிவதும் மலாயில்தான்.

செவிப்புலன் குறைந்தோரின் கதை இன்னும் கூர்மையானது. 1954இல் பினாங்கில் தொடங்கிய கூட்டரசு செவிடர் பள்ளி, உதட்டசைவைப் படித்து வாயால் பேசப் பழக்கும் முறையைக் கைக்கொண்டது. வகுப்பில் கைகள் அடங்கின. வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தங்களுக்குள் சைகைகளை உருவாக்கிக்கொண்டார்கள். பினாங்குச் சைகை மொழி பிறந்தது அப்படித்தான். மலாய் முன்னொட்டு, பின்னொட்டுகளுக்குக்கூடத் தனிச் சைகை வகுத்த கைக்குறி முறை 1970களின் பிற்பகுதியில்தான் பள்ளிகளுக்கு வந்தது. பெரியவர்கள் திட்டம் தீட்டுமுன் பிள்ளைகளே தங்கள் மொழியைக் கண்டுகொண்டார்கள் என்பது, இவ்வரலாற்றில் கல்வி அதிகாரிகள் அதிகம் பேச விரும்பாத பகுதி.

சாதாரணப் பள்ளிகளுக்குள் குறைபாடுள்ள பிள்ளைகளைக் கொண்டுவரும் ஒருங்கிணைப்புத் திட்டம் 1960களின் தொடக்கத்தில், பார்வையற்றோரிலிருந்து ஆரம்பித்தது. பெரிய திருப்பம் 1981இல் நேர்ந்தது. அமைச்சுகள் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டன. பார்வை, செவிப்புலன் குறைந்தோரும் ‘கற்பிக்கத்தக்க’ அறிவுக் குறைபாடுடையோரும் கல்வி அமைச்சுக்கு. உடல் ஊனமுற்றோரும் கடுமையான அறிவுக் குறைபாடுடையோரும் நல அமைச்சுக்கு. குறைபாட்டை ஆரம்பத்திலேயே கண்டறிவது சுகாதார அமைச்சுக்கு. பாகப்பிரிவினை நிர்வாகத்துக்கு வசதிதான். ஆனால் பெருமூளை வாதத்தால் நாக்கு வளையாத, அறிவில் குறையில்லாத பிள்ளை இதில் எங்கே சேரும்? பேச முடியாததையே அறிவின்மை என்று எடுத்துக்கொண்ட காலம் அது. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவிய சமூக மறுவாழ்வு மையங்கள், பள்ளி ஏற்காத இத்தகைய பிள்ளைகளுக்குப் புகலிடமாயின. பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்கும் பட்டப்படிப்பு மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995இல்தான் தொடங்கியது. அதுவரை அத்துறைக்கு ஆள் தேட வெளிநாட்டையே பார்க்க வேண்டியிருந்தது.

1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள் ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்தின. பிறர் உதவியின்றித் தன்னைப் பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளையே அவற்றின்படி கல்விக்குத் தகுதியானது. பல குறைபாடுகள் சேர்ந்தவர்களும் கடுமையான பாதிப்புள்ளவர்களும் வெளியே நின்றார்கள். உலக நாடுகள் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடி ‘எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளி’ என்று அறிவித்து அப்போது மூன்றாண்டுகள் கடந்திருந்தன.

2008இல் வந்த உடற்பேறு குறைந்தோர் சட்டமே, தொடர்பு என்பதைப் பிள்ளைக்குள்ள குறையாகப் பார்க்காமல் சூழலின் கடமையாகப் பார்த்த முதல் ஆவணம். பிரெயில், சைகை மொழி, பெரிய எழுத்து, பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் வரும் முறைகள் எல்லாம் அது தொடர்புக்குத் தரும் வரையறைக்குள் அடங்குகின்றன. குறை என்னவென்றால், மீறினால் தண்டனை இல்லை. அரசின் மீது வழக்குத் தொடுக்கவும் 41ஆம் பிரிவு தடை போடுகிறது. பல் இல்லாத சட்டம் என்ற விமர்சனம் நியாயமானதே. 2010இல் உடற்பேறு குறைந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா ஏற்றதும், 2025க்குள் இத்தகைய மாணவரில் 75 விழுக்காட்டினரைப் பொது வகுப்புகளில் சேர்ப்போம் என்று 2013இன் கல்வித் திட்டம் இலக்கு வைத்ததும், 2019இல் ‘யாரையும் திருப்பி அனுப்பாதே’ என்ற கொள்கை நடைமுறைக்கு வந்ததும் அதன் தொடர்ச்சி. அக்கொள்கையைக் கொண்டுவந்த அன்றைய கல்வி அமைச்சர் மஸ்லீ மாலிக், அப்போது ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தது ஒரு தற்செயல்.

எல்லாம் சேர்ந்து இன்று பிள்ளைக்கு இருக்கை கிடைக்கிறது. மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை கிடைக்கிறது. மொழி? பேசாத பிள்ளைகளுக்குப் பட அட்டை கொடுத்துப் பழக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். 1985இல் அமெரிக்காவில் உருவான அம்முறையில், தாகமெடுத்தால் பிள்ளை தண்ணீர்ப் படத்தை எடுத்து எதிரிலிருப்பவர் கையில் கொடுக்கும். வாங்கியவர் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் தருவார். அட்டையை ஒட்டி ஒரு சொல் காதில் பதிவதுதான் இதன் சூட்சுமம். பள்ளியில் பதிவது ‘ஆயர்’ என்ற மலாய்ச் சொல். வீட்டில் பாட்டி சொல்வது ‘தண்ணி’. ஒரே படத்துக்கு இரு சொற்கள் பதிவதில் தவறில்லை. இருமொழி பிள்ளையைக் குழப்பும் என்ற பழைய அச்சத்தைப் பின்வந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. குழப்பம் வருவது, வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள் என்று யாராவது அறிவுரை சொல்லும்போது. பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே இருந்த ஒரே பாலமும் அன்றைக்குப் போய்விடும்.

ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் நடக்கின்றன. பட அட்டையின் கீழே மலாய்ச் சொல்லோடு தமிழ்ச் சொல்லையும் அச்சிடவும், விரும்பும் பார்வையற்ற மாணவருக்குத் தமிழ்ப் பிரெயிலைக் கூடுதலாகக் கற்பிக்கவும் புதிய சட்டம் வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையிலேயே இடமிருக்கிறது. பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கட்டட நிதிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்ட வேண்டும்.