டென்னிஸ் மகளிரும் சம ஊதியமும்

சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்தை நம்மில் பலர் அறிவோம். அங்குள்ள விளையாட்டரங்கம் 1929-இல் திறக்கப்பட்டது. அதற்குச் சற்றுத் தொலைவில், காலாங்கில், சிங்கப்பூர் உள்ளரங்கம் இருக்கிறது. 2014 முதல் 2018 வரை ஆண்டுதோறும் உலகின் தலைசிறந்த எட்டு டென்னிஸ் வீராங்கனைகள் ஒற்றையர் பட்டத்துக்காக அங்கே மோதினார்கள். முதலாண்டு செரீனா வில்லியம்ஸ் பட்டம் வென்றார். அவ்வாண்டு மொத்தப் பரிசுத் தொகை 65 இலட்சம் அமெரிக்க டாலர். பெண்கள் இந்த நிலையை எவ்வாறு அடைந்தார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

புகழ்பெற்ற விம்பிள்டனில் ஆண்கள் போட்டி 1877-இல் தொடங்கியது. பெண்களுக்கு இடம் கிடைக்க 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று 13 பெண்கள் ஆடினார்கள். மாட் வாட்சன் இறுதியாட்டத்தில் தம் அக்காள் லிலியனையே தோற்கடித்து முதல் பட்டம் பெற்றார். வெள்ளிப் பூக்கூடை ஒன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது.

நெடுங்காலம் இது வசதி படைத்தோரின் ஆட்டமாகவே இருந்தது. அந்த வேலியைத் தாண்டியவர் ஆல்தியா கிப்சன். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினப் பெற்றோரின் மகள் அவர். 1956-இல் பிரெஞ்சுப் பட்டத்தையும் 1957-இல் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றார். ஆனால் அந்நாளில் பரிசுப் பணம் தரும் வழக்கம் இல்லை. பட்டம் கிடைத்ததே தவிர, பிழைப்புக்கு வழி கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மகளான இவான் கூலகாங், ஆட்டு உரோமம் கத்தரிக்கும் தொழிலாளியின் பிள்ளை. 1971-இல் விம்பிள்டனை வென்ற அவர், ஒரு குழந்தைக்குத் தாயான பின் 1980-இல் மீண்டும் வென்றார்.

விம்பிள்டனில் 1968-இல் பரிசுப் பணம் வந்தது. ஆண்களில் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுன். பெண்களில் வென்ற பில்லி ஜீன் கிங்கிற்கு 750 பவுன். 1970-இல் லாஸ் ஏஞ்செல்ஸ் போட்டி ஒன்றில் ஆணுக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். பில்லி ஜீனும் எட்டுத் தோழியரும் அதை ஏற்க மறுத்து, தலைக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டியில் ஆடினார்கள். சங்கம் அவர்களைத் தள்ளிவைத்தது. அவர்கள் அசையவில்லை. 1973-இல் வீராங்கனைகளுக்கென்று சங்கம் கண்டார்கள். அவ்வாண்டே அமெரிக்கப் பொதுப்போட்டி இருபாலருக்கும் சமபரிசு வழங்கியது.

பெண்கள் மூன்று செட்டுகளே ஆடுகிறார்கள், ஆண்கள் ஐந்து வரை ஆடுகிறார்கள் என்று சிலர் வாதாடினர். ஆட்டம் பார்க்க வருவோர் பெண்களுக்காகவும்தானே சீட்டு வாங்குகிறார்கள் என்பது மகளிரின் பதில். விம்பிள்டன் இசைவதற்கு 2007 ஆயிற்று. வீனஸ் வில்லியம்ஸ் ஆண் வெற்றியாளருக்கு நிகராக ஏழு இலட்சம் பவுன் பெற்றார்.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதன்று. விடியலில் பெரட்டுக்கு வந்து, ஆணோடு சேர்ந்தே உழைத்தும் குறைந்த கூலி பெற்ற நம் பாட்டிமார் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருபாலருக்கும் ஒரே நாட்கூலி 1984-இல்தான் வந்தது. நிறுவைத் தராசு ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. கூலிச் சீட்டும் அப்படியே இருக்க வேண்டும். அதைக் கேட்க ஒன்பது பேர் சேர்ந்து நின்றதே பெரிய தொடக்கமாயிற்று என்பதை நம் பெண்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம்.