காயு பூத்தே பிறந்த கதை

நம் ஊர் ரெங்கத்தில் கைக்குழந்தை உள்ள வீட்டில் காயு பூத்தே எண்ணெய்ப் போத்தல் இல்லாவிட்டால்தான் அதிசயம். குளிப்பாட்டியதும் வயிற்றில் இரண்டு சொட்டு. வாயுவுக்கும் சளிக்கும் கொசுக்கடிக்கும் அதே போத்தல்தான். உள்ளூர்ச் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. பாதி சரி.

எண்ணெய் தரும் மரமான மெலலூக்கா கஜுபுட்டி, கொய்யாவுக்கும் கிராம்புக்கும் நாவலுக்கும் உறவு. ஏடு ஏடாக உரியும் பட்டை. போத்தல் கழுவும் பிரஷ் போல வெண்பூ. வட ஆஸ்திரேலியச் சதுப்புகளிலிருந்து நம் மலாய்த் தீபகற்பம் வரை இயற்கையாகவே வளர்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் அதன் பட்டையில் உணவைச் சுற்றிச் சுட்டார்கள். இலையைக் கசக்கி மோந்து மூக்கடைப்பைப் போக்கினார்கள். நம் பக்கம் அதுவே கெலாம். ரெங்கத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தேடிப் பயனில்லை, அது கடலோரச் சதுப்பின் பிள்ளை. படகுப் பலகைகளின் இடுக்கை அடைக்க அதன் பட்டை உதவியது. சிங்கப்பூரின் கம்போங் கெலாம் பெயர் பெற்றதும் அதனால்தான். திரெங்கானுவில் அதன் பூவிலிருந்து கெலாம் தேன் எடுக்கிறார்கள்.

தைலம் மட்டும் இங்கே பிறக்கவில்லை. அந்தக் காரமான வாசத்துக்குக் காரணம் சினியோல். யூகலிப்டஸ் தைலத்தில் இருப்பதும் அதுவே. நம் கெலாம் மெலலூக்கா கஜுபுட்டி இனத்தின் வேறொரு கிளை. அதன் இலையில் சினியோல் மிகச் சொற்பம். வட ஆஸ்திரேலியாவிலும் மலுக்குத் தீவுகளிலும் வளரும் கிளையில் தாராளம். அதனால் புரு, அம்போன், செராம் தீவுக்காரர்கள்தான் இலையைக் காய்ச்சி எண்ணெய் வடித்தார்கள். செப்புப் பாத்திரத்தில் வடித்ததால் பச்சை நிறம் ஏறியது.

அம்போனில் வாழ்ந்த தாவர ஆய்வாளர் ரும்பியஸ் 17ஆம் நூற்றாண்டில் இம்மரத்தைப் பற்றி எழுதினார். 1670இல் கண்பார்வை போன பிறகும் வேலையை விடாத மனிதர். நூல் அச்சேறியது அவர் இறந்து பல்லாண்டுகள் கழித்து, 1741இல். எண்ணெய் டச்சுக் கப்பல்களில் ஐரோப்பா போனது. 1830களில் காலரா பரவியபோது இங்கிலாந்தில் இதன் விலை எகிறியது. காலராவுக்கு இது மருந்தே இல்லை. பயத்துக்கு அது தெரியுமா? பின்னாளில் புலி மார்க் தைலத்திலும் சேர்ந்தது.

புரு விதையைக் கொண்டுபோய் ஜாவாவில் தோட்டம் போட்டபோது மரம் புதரானது. வளரவிட்டால் இலை கைக்கு எட்டாது. அதனால் இடுப்பளவில் வெட்டிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் தழைப்பதை அறுத்து ஆவியில் வடிக்கிறார்கள். வரிசைகளுக்கு நடுவே சோளமும் மரவள்ளியும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ எண்ணெய் தேறினாலே பெரிது. ஆகவே மிக மலிவாக விற்கும் போத்தலை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

கைக்குழந்தைக்குத் தடவும் பாட்டிமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூக்கருகிலும் முகத்திலும் வேண்டாம். சினியோலின் நெடி பச்சைக் குழந்தைக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். வாய்க்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது.