பெயர், ஆண்டு, வழக்குக்கட்டு: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் குற்ற வழக்குப் பதிவுகளைத் தேடும் முறையின் வரலாறு

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த ஆட்சிப் பிரிவாகிய கவுண்டி, ஆட்சி நிலையில் தமிழகத்து மாவட்டத்தை ஒத்ததாயினும், அங்குப் பெரும்பாலான மாநிலங்களில் அரசின் சார்பில் குற்ற வழக்குகளைத் தொடுக்கும் மாவட்ட வழக்குரைஞரை வாக்காளரே தேர்ந்தெடுக்கின்றனர். விசாரணை மன்றங்களும் அவற்றின் பதிவேடுகளும் பெரும்பாலும் கவுண்டி வாரியாகவே அமைந்துள்ளன. இதனால் ஒருவர்மீது குற்ற வழக்கு இருந்ததா, அது எவ்வாறு முடிந்தது என்பதை அறிய விரும்புவோர் முதலில் கவுண்டியையே தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த கவுண்டியான லாஸ் ஏஞ்சலஸில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,00,14,009 பேர் வாழ்ந்தனர். அங்கு இத்தேடல் சிக்கலாக இருப்பதற்கு மக்கள்தொகையை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் பதிவேடுகளின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், நீதிமன்ற அமைப்பு மாறிய ஒவ்வொரு முறையும் பழைய அடுக்கின்மேல் புதிய அடுக்கு வைக்கப்பட்டதும், தேடல் எளிதாகிவிடும் என்ற நிலை வந்தபோது சட்டமே அதற்குத் தடை எழுப்பியதும் அதைவிட முக்கியமான காரணங்கள் எனத் தெரிகிறது.

கலிபோர்னியா 1850இல் மாநிலமானபோது அமைக்கப்பட்ட 27 கவுண்டிகளுள் லாஸ் ஏஞ்சலஸும் ஒன்று. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 3,530. மெக்சிகோ ஆட்சிக் காலத்தில் அல்கால்தே எனப்பட்ட ஊர் நடுவர் ஸ்பானிய மொழியில் எழுதிவைத்த நடவடிக்கைகளைத் தொடர்ந்து, புதிய மாநிலத்தின் மாவட்ட மன்றம், செஷன்ஸ் மன்றம், அமைதி நீதிபதிகளின் கீழ்நிலை மன்றங்கள் ஆகியவை தத்தம் ஏடுகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டன. கொலை வழக்கு ஓர் ஏட்டிலும் அடிதடி வழக்கு வேறோர் ஏட்டிலும் இருந்ததால், குற்றத்தின் தன்மை தெரியாதவர் எந்த ஏட்டைப் புரட்டுவது என்று தீர்மானிக்க இயலாது. செஷன்ஸ் மன்றம் 1860களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டு அதன் பணி கவுண்டி மன்றத்துக்குச் சென்றதால் இன்னுமொரு வரிசை கூடியது. அக்காலக் கட்டுகளுள் கணிசமானவை இன்று சான் மரீனோ நகரிலுள்ள ஹண்டிங்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எனவே 19ஆம் நூற்றாண்டு வழக்கைத் தேடும் ஆய்வாளர் நீதிமன்றத்தைவிட நூலகத்தையே நாட வேண்டியிருக்கிறது.

இத்தகைய பதிவில் ஒரு சொற்றொடர் இருப்பதும் இல்லாதிருப்பதும் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு 1871ஆம் ஆண்டுச் சீனர் படுகொலை வழக்கு சான்றாகும். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துச் சீனர் குடியிருப்பைத் தாக்கிய கும்பல் குறைந்தது 18 சீனரைக் கொன்றது. கொல்லப்பட்டோருள் ஒருவர் மருத்துவர். எட்டுப் பேர் நோக்கமில்லாக் கொலைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் 1873இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் கொலைக்கு உடந்தையாக இருந்தனர் என்று கூறிய குற்றச்சாட்டுப் பத்திரம், அம்மருத்துவர் கொல்லப்பட்டார் என்பதை எந்த இடத்திலும் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பதே அதற்குக் காரணம். அவரது பெயர் அப்பத்திரத்தில் ‘சீ லாங் டாங்’ என்றும், ஊர் வழக்கில் ‘ஜீன் டாங்’ என்றும் வழங்கியது. வெறும் பெயரகராதியை நம்பித் தேடுபவருக்கு இவ்விரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்பது தெரிய வாய்ப்பில்லை. ஸ்பானியரின் இரட்டைக் குடும்பப் பெயர்களும், எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட சீனப் பெயர்களும் அக்காலப் பதிவேடுகளை நிரப்பியிருப்பதால், எழுத்து வேறுபாடுகளைப் பட்டியலிட்டுக்கொண்டு தேடுவது அங்கு இன்றியமையாதது.

1879ஆம் ஆண்டு அரசமைப்பு இவ்வமைப்பைப் பெருமளவு மாற்றியது. மாவட்ட மன்றமும் கவுண்டி மன்றமும் நீக்கப்பட்டு, கவுண்டிக்கு ஒன்றாகச் சுப்பீரியர் கோர்ட் எனப்படும் உயர்நிலை விசாரணை மன்றம் 1880 முதல் இயங்கியது. இதைவிட நீண்ட விளைவை உண்டாக்கியது அதே அரசமைப்பில் இருந்த வேறொரு பிரிவு. அதுவரை பெருங்குற்ற வழக்கைத் தொடங்கக் கிராண்ட் ஜூரி எனப்படும் பெருநடுவர் குழுவின் குற்றச்சாட்டுப் பத்திரம் தேவைப்பட்டது. இனி நடுவர் ஒருவர் முதனிலை விசாரணை நடத்தி, வழக்குக்கு முகாந்திரம் உண்டு எனக் கண்டால், அரசு வழக்குரைஞரே ‘இன்பர்மேஷன்’ எனப்படும் குற்ற அறிக்கையைத் தாக்கல் செய்யலாம் என்றாயிற்று. இம்முறை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1884இல், கலிபோர்னியாவிலிருந்து வந்த ஹுர்ட்டாடோ வழக்கில் தீர்ப்பளித்தது. இம்முறையால் பெருங்குற்ற வழக்கு ஒன்று இரு மன்றங்களில் இரு கட்டுகளாக வாழத் தொடங்கியது: கீழ்மன்றத்தில் புகார் மனுவும் முதனிலை விசாரணைக் குறிப்புகளும் ஓர் எண்ணில் இருந்தன, மேல்மன்றத்தில் குற்ற அறிக்கையும் தீர்ப்பும் வேறோர் எண்ணில் இருந்தன. முதனிலை விசாரணையிலேயே எதிரி விடுவிக்கப்பட்டிருந்தால் மேல்மன்றப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியிருக்காது. வரலாற்றாய்வாளர் பலர் மேல்மன்றப் பதிவேட்டை மட்டும் எண்ணிக் குற்றங்களின் அளவை மதிப்பிடுவது இதனால் குறைபாடுடைய முறை என்றே சொல்ல வேண்டும்.

கீழ்மன்றங்கள் 20ஆம் நூற்றாண்டில் பெருகின. 1924ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தின் வழியே லாஸ் ஏஞ்சலஸ் நகர முனிசிபல் மன்றம் 1926இல் பிறந்தது; 1950இல் வந்த மற்றொரு திருத்தம் மாநிலத்தின் பலவகைக் கீழ்மன்றங்களை முனிசிபல் மன்றம், அமைதி நீதிமன்றம் என இரண்டே வகைக்குள் கொண்டுவந்தது. சிறுகுற்றங்கள், அதாவது பொதுவாக ஓராண்டுக்கு மேற்படாத கவுண்டிச் சிறைத் தண்டனைக்குரியவை, இம்மன்றங்களிலேயே தொடங்கி முடிந்தன. கவுண்டியில் 88 நகராட்சிகள் இருக்கும் நிலையில் பல முனிசிபல் மன்றங்கள் தத்தம் எல்லைக்குள் தனிப் பெயரகராதி வைத்திருந்தன. பசடீனாவில் முடிந்த சிறுகுற்ற வழக்கு லாங் பீச் எழுத்தருக்குத் தெரியாது. இதனுடன், சூழ்நிலையைப் பொறுத்துப் பெருங்குற்றமாகவோ சிறுகுற்றமாகவோ நடத்தத்தக்க குற்றங்களும் கலிபோர்னியாச் சட்டத்தில் ஏராளம் என்பதால், ஒரு பெயருக்காக இருநிலை மன்றங்களையும் நாடுவது தவிர்க்க முடியாததாக இருந்தது.

வழக்கு எண்ணின் அமைப்பு இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காட்டுகிறது. கொலைக் கும்பல் தலைவர் சார்லஸ் மேன்சனும் அவரது கூட்டாளிகளும் 1970இல் விசாரிக்கப்பட்ட வழக்கின் எண் ஏ253156, அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சன்மீது 1994இல் தொடுக்கப்பட்ட கொலை வழக்கின் எண் பிஏ097211. முந்தையது ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தை முன்னொட்டாகக் கொண்ட தொடர்வரிசையைச் சேர்ந்தது. பிந்தையதில் உள்ள இரண்டெழுத்து முன்னொட்டு வழக்கு தாக்கலான நீதிமன்றப் பகுதியைச் சுட்டும்: பிஏ என்பது நகர மையம், என்ஏ லாங் பீச், கேஏ பொமோனா, டிஏ காம்ப்டன், எம்ஏ லங்காஸ்டர். எண் கையில் இருந்தால், எந்தப் பகுதியின் ஆவண அறையைக் கேட்பது என்பது எழுத்தரின் உதவியின்றியே விளங்கிவிடும்.  

மன்றங்களின் இருநிலைப் பிரிவு 1998ஆம் ஆண்டு வாக்காளர்கள் ஏற்ற 220ஆம் முன்மொழிவால் முடிவுக்கு வந்தது. கவுண்டி நீதிபதிகள் வாக்களித்து மன்றங்களை ஒன்றாக்கிக்கொள்ள அது இடமளித்தது. லாஸ் ஏஞ்சலஸில் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் இணைப்பு நடந்தது. இதன்பின் தாக்கலான வழக்குகள் ஒரே மன்றத்தின் பதிவில் உள்ளன. பழைய முனிசிபல் மன்றக் கட்டுகள் அவ்விணைப்பால் ஒரே வரிசைக்கு வந்துவிடவில்லை என்பதைப் புதிதாகத் தேடுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இதற்கிடையே கணினி வந்துவிட்டது. தனித்தனிக் கட்டாகப் பார்க்கும்போது யாரும் ஆட்சேபிக்காத தகவல், திரண்ட நிலையில் வேறொன்றாக மாறுகிறது என்ற கவலை நீதிமன்றங்களில் எழுந்தது. நாட்டின் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் பதிவுகளுக்கும், அவற்றைத் தொகுத்து ஓரிடத்தில் வைத்த குற்ற வரலாற்றுத் தாளுக்கும் வேறுபாடு உண்டு என 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டப்படி திறந்திருந்தும் தேடுவதற்குரிய உழைப்பால் கண்ணுக்கு எட்டாமல் இருக்கும் இந்நிலையை அது ‘நடைமுறை மறைவு’ என்ற கருத்தால் விளக்கியது. ஐந்தாண்டு கழித்து அதே கேள்வி லாஸ் ஏஞ்சலஸில் எழுந்தது. பின்னணித் தகவல் விற்கும் வணிகர் ஒருவர், முனிசிபல் மன்றங்களின் கணினியில் தொகுக்கப்பட்டிருந்த எதிரிகளின் பெயர், பிறந்த தேதி, குற்றச்சாட்டு, முடிவு ஆகியவற்றை நாடாக்களில் படியெடுத்து மாதந்தோறும் தரும்படி கேட்டார். வெஸ்ட்புரூக் எதிர் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி எனப்படும் 1994ஆம் ஆண்டு வழக்கில் மேல்முறையீட்டு மன்றம் அதை மறுத்தது. ஒவ்வொரு கட்டும் பொதுமக்களுக்குத் திறந்ததே, ஆனால் கணினித் தொகுப்பு சட்டம் காக்கும் குற்ற வரலாற்றுத் தகவலாகும் என்பது தீர்ப்பின் சாரம். விசாரணை மன்றக் கட்டடத்துக்கு நேரில் வந்து புரட்டத் தயாராக இருப்பவருக்குத் தகவல், மொத்தமாக வாங்க வருபவருக்கு மறுப்பு என்ற இந்த ஏற்பாடு முரண்பாடாகத் தோன்றினாலும், பின்வந்த விதிகள் அனைத்தும் இதன்மீதே கட்டப்பட்டன.

கலிபோர்னிய நீதிமன்றங்களின் மின்பதிவு விதிகள் 2002 முதல் நடைமுறைக்கு வந்தன. உரிமையியல் வழக்குகளின் ஆவணங்களை வீட்டிலிருந்தே திறக்க இடமளித்த அவை, குற்ற வழக்குகளின் ஆவணங்களை நீதிமன்றக் கணினியில் மட்டுமே பார்க்கலாம் என்றன. மக்கள் கவனம் மிகுந்த வழக்கில் தலைமை நீதிபதி விலக்களிக்கலாம். பெயரகராதி, வாய்தாப் பட்டியல், வழக்கில் நடந்தவற்றைத் தேதிவாரியாகச் சொல்லும் நடவடிக்கைப் பதிவேடு ஆகியவை மட்டும் வெளியிலிருந்து பார்க்கக் கிடைத்தன. லாஸ் ஏஞ்சலஸ் மன்றத்தின் இணைய வழியில், வழக்கு எண் தெரிந்தவர் கட்டணமின்றி விவரம் காணவும், பெயரால் தேடுவோர் தேடல்தோறும் கட்டணம் செலுத்தவும் ஏற்பாடானது. அவ்விதிகளுள் இன்று 2.507 என எண்ணிடப்பட்டுள்ள விதி, பெயரகராதியிலும் நடவடிக்கைப் பதிவேட்டிலும் பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண், பாலினம் முதலியவை இடம்பெறலாகாது என்கிறது. எனினும் பிறந்த தேதியை வெளியே காட்டாமல், தேடுபவர் தாமே உள்ளிட்டுச் சரிபார்க்கும் வசதியைப் பல மன்றங்கள் அளித்துவந்தன.

தென் கலிபோர்னியாவின் மற்றொரு கவுண்டியான ரிவர்சைடின் மன்றத்துக்கு எதிராக, சிறைமீண்டோர் உரிமைக்காக இயங்கும் ஓர் அமைப்பு தொடுத்த வழக்கில், அவ்வசதியும் விதியை மீறுவதே என்று 2021இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. லாஸ் ஏஞ்சலஸ் மன்றமும் பின்னர் அதைப் பின்பற்றிப் பிறந்த தேதி வழியிலான தேடலை நீக்கியது. ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் வாழும் கவுண்டியில் இதன் விளைவு உடனே தெரிந்தது: பெயர் பொருந்திய வழக்குகள் பல வந்தால், ஒவ்வொன்றின் கட்டையும் எடுத்துப் புகார் மனுவிலுள்ள அடையாள விவரங்களோடு ஒப்பிட்டால்தான் ஆள் யார் என்பது உறுதியாகும். வேலைக்கு முன் பின்னணி அறிய விரும்பும் நிறுவனங்களின் முறையீட்டால், பிறந்த தேதி வழியே தேட இடமளிக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. ஆளுநர் கேவின் நியூசம் அதற்கு ஒப்புதல் மறுத்தார். பிறந்த தேதியை மறைக்கும் விதி அரிய பெயருடையவருக்கு எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. பரவலான பெயருடையவரை, அவர் குற்றமே செய்யாதவராயினும், வேலைக்காகக் காத்திருக்க வைக்கிறது. தனியுரிமை காப்பதற்கான விதி இவ்வளவு சமனற்று இயங்குவதை நியாயப்படுத்துவது கடினம்.

பதிவுகள் நிரந்தரமானவையும் அல்ல. மாநிலச் சட்டப்படி மரண தண்டனை, ஆயுள் தண்டனை வழக்குகளின் கட்டுகள் என்றென்றும் காக்கப்படும். பிற பெருங்குற்றக் கட்டுகளில் தீர்ப்பு தவிர்ந்த ஆவணங்கள் பொதுவாக 50 ஆண்டோ, உச்சத் தண்டனைக் காலமோ, இவற்றுள் நீண்டதுவரை இருக்கும். சிறுகுற்றக் கட்டுகள் பொதுவாக ஐந்தாண்டு கழிந்ததும் அழிக்கப்படலாம். மதுபோதையில் வண்டி ஓட்டிய வழக்குக்குப் பத்தாண்டு. தண்டனை விதிக்கப்படாத கைதின் பதிவுக்கு முத்திரையிட்டு மூடும் உரிமையும், தகுதியுள்ள பழைய தண்டனைகளை மனு இல்லாமலே மறைக்கும் அண்மைச் சட்டமும் இவற்றோடு சேர்கின்றன. சிறார் வழக்குகள் பொதுவாகத் திறக்கப்படுவதில்லை. கூட்டாட்சிக் குற்றங்களோ கவுண்டி மன்றத்துக்கு அப்பாற்பட்டவை. அவை கலிபோர்னியா மத்திய மாவட்டக் கூட்டாட்சி மன்றத்தில் நடப்பதால், பேசர் எனப்படும் வேறு மின்பதிவு அமைப்பில் தேடப்பட வேண்டும்.

ஆகவே இக்கவுண்டியில் தேடுபவர் பெயரை உள்ளிடுவதற்கு முன் ஆண்டையும் குற்றம் நடந்த இடத்தையும் குறித்துக்கொள்வது நல்லது: 2000க்கு முற்பட்டதெனில் மன்றம் எந்நிலையது என்றும், 1880க்கு முற்பட்டதெனில் கட்டு எந்த நூலகத்தில் என்றும் கேட்க வேண்டும். எழுத்தர் தேடித்தரப் பத்து நிமிடத்துக்கு மேலானால் 15 டாலரும், நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்டும் மாநிலச் சட்டம் விதிக்கும் கட்டணம். திரையில் ‘பதிவு இல்லை’ என்று வந்தால், அந்த எழுத்துக்கூட்டலில், அந்தப் பெயரகராதியில், இன்று வெளியிடத்தக்க வழக்கு கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். பதிவு உண்டு என்று வந்தாலும், கட்டைப் பார்த்துச் சான்றிட்ட நகல் பெறாமல் எவரையும் குற்றவாளியெனக் கொள்ளலாகாது.