செங்கல்பட்டு இருளர்களும் மதுவும்

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு, திருப்போரூர், மதுராந்தகம் வட்டாரங்களில், ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் குடியிருக்கும் இருளர், தமிழ்நாட்டின் 6 தொன்மைப் பழங்குடிகளுள் ஒரு பிரிவினர். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் இவர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். பாம்பும் எலியும் பிடிப்பது, மூலிகை சேகரிப்பது பழைய தொழில்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒரு பகுதியினருக்கே கைகொடுத்தது. மற்ற பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம்வெட்டுக்கும் போய்க் கொத்தடிமைகளானார்கள். இவர்களிடையே குடி பரவியதை இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் பேசுவது அநியாயம். ‘அவங்க பழக்கமே அப்படித்தான்’ என்று ஊரார் சொல்வது எதையும் விளக்குவதில்லை.

சட்டம் பலமுறை மாறியது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் கள்ளும் சாராயமும் மீண்டும் விற்பனைக்கு வந்தன, 1987இல் அவையிரண்டும் தடையாயின. 1983இல் உருவான டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் முழுதாக ஏற்றது. கடைச் சரக்கின் விலை கட்டாத கூலிக்காரர்களைத் தேடிக் கள்ளச்சாராயம் வந்தது.

அதன் கொடுமை 2023 மே மாதம் வெளிப்பட்டது. சித்தாமூர் அருகே பெருக்கரணை இருளர் குடியிருப்பிலும், அதே நாட்களில் மரக்காணம் எக்கியார்குப்பத்து மீனவர்களிடையேயும் சாவு விழுந்தது. இரு பகுதிகளிலும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேலம்பட்டையும் வெல்லமும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சிய சரக்கல்ல அது, ஆலைகளுக்கான மெத்தனால். குடித்தவுடன் வழக்கமான போதைதான் தெரியும். உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றச் சில மணி நேரம் ஆகும். பிறகு வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல். உடனே ரத்தச் சுத்திகரிப்பும் மாற்று மருந்தும் கிடைத்தால் பிழைக்கலாம். வயிற்றுக்கோளாறு என்று வீட்டிலேயே படுத்துவிட்டால் கண்ணோ உயிரோ போகும். அரசு இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஓராண்டு கழித்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகே தண்டனை ஆயுள் சிறைவரை உயர்ந்தது.

குடிநோய்க்கான சிகிச்சை வசதி நகரத்தில்தான் மிகுதி. சென்னை அடையாறு டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவருகிறது. ஆனால் முன்பணக் கடன் தீராத ஒருவர் வாரக்கணக்கில் படுக்கையில் இருந்தால் அந்த வாரங்களின் கூலி வீட்டுக்கு வராது. கடன் மட்டும் ஏறும். குடிமறுவாழ்வோடு கொத்தடிமை மீட்பு, சாதிச் சான்றிதழ், மனைப்பட்டா ஆகியவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.