தந்தை வரையும் மடலும் ஒரு முதுசொமே

1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் தொகுத்த தேசவழமை, நம்மவர் பொருளை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்துரைக்கும். காணியும் நகையும் எவரைச் சாரும் என்பதை அது வரையறுக்கும். பெற்றோர் வாழ்ந்து கற்ற அறிவு மக்களை எவ்வாறு சாரும் என்பதை அது கூறாது. கூறுதல் சட்டத்தின் தொழிலுமன்று.

அவ்வறிவைக் கையளிக்க வல்லது மடல். இதற்குத் தக்க சான்று ஜவஹர்லால் நேரு ஆவர். 1928ஆம் ஆண்டுக் கோடையில் அவர் அலகாபாத்திலும், பத்து வயதினளாகிய மகள் இந்திரா முசூரி மலையிலும் இருந்தனர். பூமியும் உயிரும் மாந்தர் குலமும் தோன்றிய வரலாற்றை அவர் மகளுக்கு எளிய மடல்களாக வரைந்தார். அவை 1929இல் நூலாயின. 1930 ஒக்டோபரில் மகளின் பதின்மூன்றாம் பிறந்தநாள் வந்தபோது அவர் நைனிச் சிறையில் இருந்தார். சிறைப்பட்டவர் அனுப்பத்தக்க பரிசு வேறு யாது? மீண்டும் எழுதத் தொடங்கினார். 1933 ஓகஸ்டு வரை பல சிறைகளிலிருந்து 200க்குச் சற்றுக் குறைந்த மடல்களில் உலக வரலாற்றை எழுதி முடித்தார். நூலகம் அருகில்லை, தாம் எடுத்து வைத்த குறிப்பேடுகளே பெருந்துணையாயின.

நேரு போன்றார்க்கன்றோ இது இயலும் என்பார் உளர். அவர்க்கு ஒன்று கூறுவேன். வன்னி வரலாற்றை ஆராய்வோர் 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அலுவலர் வெளியிட்ட கைந்நூலை இன்றும் நாடுகின்றனர். அஃது ஆட்சியாளர் கண்ட வன்னி. காடு வெட்டிக் குளக்கட்டுயர்த்தி வயல் விதைத்தோர் கண்ட வன்னியை அவரன்றி யார் எழுத வல்லார்? அவர் எழுதாது மறைந்தமையால் நமக்குற்ற இழப்புப் பெரிது.

எழுதியதைப் பேணாமையும் இழப்பே. 2008ஆம் ஆண்டில் துணுக்காயை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதியைப் பையிலிட்டுப் பத்திரமாகக் கொண்டு சென்றோம். என் தந்தையார் எனக்கெழுதிய மடல்களைப் பெட்டியிலேயே விட்டுச் சென்றோம். மீண்டு வந்தபோது காணி இருந்தது, பெட்டி இல்லை. உறுதி தொலைந்திருப்பின் காணிக் கந்தோரிற் பிரதி கேட்டிருக்கலாம். அம்மடல்களுக்குப் பிரதி எங்கே பெறுவேன்?

ஆதலின் பெற்றோராயினோர் தாம் கண்டதையும் பட்டதையும் பிழைத்ததையும் ஒளியாது மக்களுக்கு எழுதுவாராக. மாணவ அன்பர்களே, அவர் எழுதாராயின், நீவிர் அருகிருந்து கேட்டு எழுதுமின். எழுதியதைப் படியெடுத்து உறுதியோடு ஒருங்கு வைமின்.