50 எம்பிக்குள் பாங்கோவுக்கு இடமில்லை

சின்ன லினக்ஸ்களின் வரலாறு பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அதில் ஒன்று மட்டும்: டேம் ஸ்மால் லினக்ஸ், சுருக்கமாக டிஎஸ்எல்.

2000களில் விசிட்டிங் கார்டு அளவில் ஒரு சிடி கிடைக்கும், ஞாபகம் இருக்கா? சுமார் 50 எம்பி பிடிக்கும். ஜான் ஆண்ட்ரூஸ் அந்த 50ஐயே சட்டமாக வைத்துக்கொண்டார். உலாவி, மெயில், பாட்டு, கணக்குத்தாள் எல்லாம் அதற்குள் அடங்கணும். 16 எம்பி ராம் உள்ள 486இலும் ஓடணும். எடுத்துக்கொண்ட அடிப்படையோ நாப்பிக்ஸ்; அதுவே ஒரு முழு சிடி, 700 எம்பி. ஆக வேலையே வெட்டுவதுதான். கேடிஈ போய் ஃப்ளக்ஸ்பாக்ஸ் வந்தது. ஓப்பன் ஆபீஸ் இருந்த இடத்தில் டெட், சியாக். கெர்னலும் கடைசிவரை 2.4தான்.

இதெல்லாம் எல்லாரும் சொல்கிற கதை. என் கண்ணில் பட்டது வேறு. உண்மையான முடிவு எந்தச் செயலி என்பதில் இல்லை, எந்த லைப்ரரி என்பதில் இருந்தது. டில்லோ, சில்ஃபீட், எக்ஸ்எம்எம்எஸ் மூன்றுமே ஜிடிகே1ஐ நம்பி ஓடுபவை. ஒரே லைப்ரரி, பல செயலிகள், செலவு ஒருமுறைதான். ஜிடிகே2 கேட்கிற செயலி ஒன்றைச் சேர்த்தால் போதும், கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் குடும்பமே வருகிற மாதிரி பாங்கோ, ஏடிகே எல்லாம் கூடவே வரும். அதனால் பயர்பாக்ஸைக்கூட ஜிடிகே1க்கு ஏற்பத் தொகுத்துச் சேர்த்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் அந்தப் பாங்கோ யார் என்று பாருங்க. யூனிகோடில் ‘கொ’ என்றால் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. திரையில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்கணும். 2002இல் வந்த ஜிடிகே2இல் அந்த வேலையைச் செய்தது பாங்கோதான். ஜிடிகே1க்கு அது தெரியாது. திஸ்கி மாதிரி பழைய 8 பிட் குறியீடுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அவற்றில் பார்க்கிற வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்படும். ஆனால் வலை யூனிகோடுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆங்கிலத்துக்கு அவசியமில்லாத சுமை என்று கழிபட்டதில் நம்ம எழுத்தும் அடக்கம். யாரும் வேண்டுமென்று தமிழை ஒதுக்கவில்லை. அளவைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் ஓட்ட நினைக்கிறவர்களில் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கையில் கொடுக்கிற மாதிரி டிஎஸ்எல் இல்லை.

டிஎஸ்எல்லை விட்டு வெளியே வந்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் 2008 கடைசியில் டைனி கோரைத் தொடங்கினார். அப்போது அது சுமார் 10 எம்பி. மற்றதை நீங்களே பொறுக்கிப் போட்டுக்கொள்ளணும். அது நம்பிய எஃப்எல்டிகேயோ 2011இல் 1.3 வந்தபோதுதான் யூனிகோடைக் கையாள ஆரம்பித்தது.

ஆண்ட்ரூஸ் 2024இல் டிஎஸ்எல்லைப் புதிதாக வெளியிட்டார். 50 இனி நடக்காது என்று 700 எம்பியை எல்லையாக வைத்திருக்கிறார். டில்லோ இன்னும் இருக்கு. 2024இல் வெளியானபோது கூடவே ஜிடிகேயை நம்பி ஓடுகிற பேட்வுல்ஃப் உலாவியும் இருந்தது. அதன் வால் பிடித்துப் பாங்கோவும் உள்ளே வந்துவிட்டது.