அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்

வானியற்பியலுக்கான ஆங்கில ஆய்விதழ். ஜார்ஜ் எல்லரி ஹேல், ஜேம்ஸ் கீலர் ஆகிய இருவரும் 1895இல் அமெரிக்காவில் தொடங்கினர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறு விண்மீன்களின் உச்ச நிறை பற்றி எழுதிய கட்டுரை 1931இல் இதில் வெளிவந்தது. இரண்டே பக்கம், பின்னாளில் 'சந்திரசேகர் வரம்பு' எனப் பெயர்பெற்ற கருத்து அதற்குள் அடங்கிவிட்டது.

1952 முதல் 1971 வரை சந்திரசேகரே இதன் பொறுப்பாசிரியர். சிகாகோ பல்கலைக்கழக இதழாக இருந்தது அவர் காலத்தில் அமெரிக்க வானியல் கழகத்தின் இதழாயிற்று.

வரும் கட்டுரைகளைத் துறை வல்லுநர்களான நடுவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது ஆய்விதழ்களின் வழக்கம். ஆனால் முடிவு ஆசிரியருடையது. சூரியனிலிருந்து துகள்கள் ஒலியை மிஞ்சும் வேகத்தில் இடைவிடாது வெளியேறுகின்றன என்று யூஜின் பார்க்கர் எழுதி அனுப்பியபோது, நடுவர்கள் இருவருமே வேண்டாம் என்றனர். சந்திரசேகருக்கும் அக்கருத்து பிடிக்கவில்லை. எனினும் நடுவர்கள் கணக்கில் ஒரு பிழையைக்கூடச் சுட்டவில்லை என்பதைக் கண்டு, 1958இல் கட்டுரையை வெளியிட்டார். 1962இல் மரைனர் 2 விண்கலம் 'சூரியக் காற்று' எனப்படும் அந்தத் துகள் ஓட்டத்தை நேரில் அளந்தது. தனக்கு உடன்பாடில்லாத கருத்துக்கும் இடமளித்த இந்த நேர்மை, இதழாசிரியர் எவருக்கும் அளவுகோலாகத் தக்கது.

2022 முதல் இவ்விதழை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். வெளியீட்டுக் கட்டணம் கட்டுரையாளர் தரப்பைச் சேர்ந்தது.